முதல் தேதிச் சட்டை

"ஆளைக் காணோம்னா ஆளைத் தேடலாம். நீங்க என்ன மேடம், காலையிலேர்ந்து ஜன்னல் சட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றான் ஜெராக்ஸ்.

மேடம், மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தவர். அங்கே வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்து வைத்தார்களா, வேலையின் நுணுக்கத்தைப் பார்த்து வைத்தார்களா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அந்த வேலையை விட்டுவிட்டு மூன்றாம் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தபோது, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நகல் கடை வைத்து நொடித்துப்போயிருந்த ஒருவனை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். கடை போய்விட்டது. ஜெராக்ஸ் என்ற பேர் மட்டும் விடாமல் அவனோடு மாடி ஏறி வந்துவிட்டது.

எதிரே, ஒரு கால் குட்டையான நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஆடுகிற நாற்காலியில் உட்காருகிறவர் வாயிலிருந்து உண்மை சீக்கிரம் உதிரும் என்பது ஜெராக்ஸின் கொள்கை. இந்த அம்மாளிடம் அதற்குத் தேவையே இருக்கவில்லை. வந்ததிலிருந்து தம்பி, தம்பி என்ற ஒரே பேச்சுதான். அதனால் அந்த அலுவலகத்துக்கு அவர் வெறும் அக்கா ஆகிவிட்டார். நாற்பத்தைந்து வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். கையிலிருந்து ஸ்பிரிட் வாசனை போகவே போகாது போலிருந்தது.

"ஒம்போது மாசம் ஆச்சு. ஆனா உயிரோட இருக்கான். மாசாமாசம் படம் போடறான் பாருங்க," என்றார், நான்காவது தடவையாக.

காணாமல் போய் ஒன்பது மாதம் ஆன எந்தக் கேஸும் நல்லபடியாக முடிந்து ஜெராக்ஸ் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லுகிற அளவுக்கு அவன் வாய் நீளமில்லை.

"அந்தப் படம் என்னன்னு இன்னொரு தரம் சொல்லுங்கக்கா. எனக்குக் கம்ப்யூட்டர்னா பிரிண்ட் எடுக்கற பெட்டி, அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டரைப் போட்டா கீழ ஒரு பட்டை, மூலையில ஸ்டார்ட் பட்டன் எல்லாம் வரும்ல? அதை மொத்தமா எடுத்துட்டு வேற ஒண்ணு மாட்டிடுவான். ஷெல்னு சொல்வான். அதுக்கு மேல ஸ்கின். ஜன்னல் ஓரம், பட்டன், கடிகாரம், எல்லாமே அவனே வரைஞ்சது. ஐகான் ஒண்ணுகூட இருக்காது. வெறும் கறுப்புத் திரை, ஓரமா மெல்லிசா நாலு கோடு. பாக்க அழகாத்தான் இருக்கும். எதை எங்க அமுக்கறதுன்னு அவனைத் தவிர யாருக்கும் தெரியாது."

"அதாவது வீட்டைக் கட்டிட்டு வாசப்படியை மறைச்சு வெச்சிருக்கார்."

"அப்படித்தான். இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க எல்லாம் ஒரு இடத்துல கூடுவாங்க, இண்டர்நெட்டுல. மாசம் முதல் தேதி ஆளுக்கு ஒரு புது ஸ்கின் போடணும். தவறினா மரியாதை போயிடும்னு முன்கூட்டியே செஞ்சு வரிசையா வெச்சிருப்பாங்க. போட்டது நிஜமா ஓடுதுங்கறதுக்கு அன்னைக்கு எடுத்த திரைப் படமும் சேத்துப் போடணும். இவனுக்கு அங்க பேரு நத்தை."

"நத்தை ஏன் ஓட்டை விட்டு ஓடிச்சு?"

கேட்டபிறகுதான் ஜெராக்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா தலையைக் குனிந்தார்.

"நான்தான் விரட்டினேன். எனக்கு டிபார்ட்மெண்ட் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுக்கணும். ஒரு மணி நேரம்தான் இருக்கு. அவன் வெளிய போயிருந்தான். பிரிண்ட் எங்க இருக்குன்னு திரை பூரா அமுக்கிப் பாத்தேன். ஒண்ணும் திறக்கலை. தெருமுனைக் கடையில கம்ப்யூட்டர் மெக்கானிக் இருக்கான், அவனைக் கூப்பிட்டேன். வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் குடுத்தான். எட்டு வருஷ வேலை. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு அழிச்சிருப்பேன், பொய் சொல்லக் கூடாது. அவன் வந்து பாத்தான். 'இப்பதாண்டா மனுஷங்க பொழங்கற மாதிரி இருக்கு'ன்னு சொன்னேன். அப்படியே பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அப்பா அம்மா போன பிறகு அந்தத் தம்பியை அவனுடைய பதினோரு வயசிலிருந்து வளர்த்தது அக்காதான். போலீசில் புகார் கொடுத்தார். முதல் தேதி வந்தது, நத்தையின் பக்கத்தில் புது ஸ்கின் வந்தது. "படம் போடறான், உயிரோடதான் இருக்கான். கோவம் தணிஞ்சா வருவான்," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஏழு படங்கள் வந்தன. ஆள் வரவில்லை. அக்கா அந்தப் பக்கத்தில் எழுதிய மன்னிப்புகளுக்குப் பதிலும் இல்லை.

"அவன் மன்னிக்க வேணாம். எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும். நான் போய்ப் பேசிக்கறேன்," என்றார் அக்கா.

"ஜெராக்ஸ், இங்க வா." மேடம் திரையிலிருந்து மூக்கை எடுத்தார். "போன முதல் தேதி வந்த படம். இந்த மூலையில பொடி எழுத்துல என்ன இருக்கு?"

"இருநூத்தி இருபத்தி நாலு நாள். எதுக்கு நாள்?"

"மெஷினை அணைக்காம எத்தனை நாளா ஓடுதுன்னு காட்டற மீட்டர். இவங்களுக்கு அது ஒரு பெருமை. அதுக்கு முந்தின மாசம் நூத்தித் தொண்ணூத்தி மூணு. அதுக்கும் முந்தி நூத்தி அறுபத்தி மூணு. முதல் படத்துல பன்னண்டு."

ஜெராக்ஸ் விரல் விட்டு எண்ணினான். "முப்பத்தொண்ணு, முப்பது... ஒரு நாள்கூட அணைக்கலை. வீட்டை விட்டுப் போன கொஞ்ச நாள்லயே எங்கயோ ஒரு மெஷினைப் போட்டவர், அப்புறம் அணைக்கவே இல்லை. எங்க ஏரியாவுல எட்டு மணி நேரம் சேர்ந்தாப்பல கரெண்ட் இருந்தா ஃபோட்டோ எடுத்து மாட்டுவோம், மேடம்."

"கரெக்ட். கரெண்டே போகாத இடம். போனா அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர் ஓடற இடம்."

"ஆஸ்பத்திரி?"

"பக்கத்து மீட்டரைப் பாரு. மெஷினோட சூடு. ஓடற கம்ப்யூட்டர் நாப்பது, அம்பது டிகிரி காட்டும். இது இருபத்தி நாலு. இந்த வெயில்ல."

"அப்ப ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்திருக்கார்."

நக்கலாகச் சொன்னவனை மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஜெராக்ஸுக்குத் தெரியும். உளறினாலும் சரியாக உளறியிருக்கிறான்.

"இதோ, ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் நம்பர் போட்டு எட்டுச் சின்னக் கட்டம். ஏழுல மைனஸ் போட்டு ஒரு எண். அஞ்சாவது மட்டும் காலி. எட்டுப் படத்துலயும் அப்படியே. என்னன்னு நினைச்சே?"

"அலங்காரம்னு நினைச்சேன்."

"எட்டுக் குளிர் ரூம். அஞ்சாவது ரிப்பேர். குளிர்பதனக் கிடங்கு எத்தனை இருக்கு இந்தப் பக்கத்துல?"

போன் வேலை ஜெராக்ஸுடையது. முதல் கிடங்கில் நான்கே அறைகள். இரண்டாவதில் எடுத்தவர் தூங்கி எழுந்தவர் போலிருந்தார். மூன்றாவதில், பெரிய வியாபாரி தோரணையில் குரலைக் கனமாக்கிக்கொண்டான். "சரக்கு நிறைய இருக்கு. எங்க ஜோசியர் அஞ்சாம் நம்பர் ரூம்லதான் வெக்கணும்னு சொல்லிட்டாரு... என்னது, கம்ப்ரசர் போயி ஒரு வருஷமாச்சா? அடடா. மொத்தம் எத்தனை ரூம்? எட்டா? சரி, ஜோசியரை மாத்திட்டுக் கூப்பிடறேன்."

போனை வைத்தபோது அக்கா எழுந்து நின்றிருந்தார். நாற்காலி தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ரத்தம் ஓடுவதை ஜெராக்ஸ் பார்த்தான். அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தத் தடவையாவது ஒரு கேஸ் ஆளோடு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

படியிறங்கும்போது மேடம் அவன் காதருகே மட்டும் சொன்னார். "ரொம்பத் துள்ளாதே. மெஷின் உயிரோட இருக்குன்னுதான் நாம கண்டுபிடிச்சிருக்கோம்."

கிடங்கு ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற சாலையில் இருந்தது. ஜன்னல் இல்லாத தகரக் கட்டடம். வாசலில் தடித்த ரப்பர் பட்டைகள் திரையாகத் தொங்கின. விலக்கி நுழைந்ததும் முதுகுத்தண்டு வரை சில்லிட்டது. ஈரத் தரை, இடைவிடாத உறுமல், சுவரில் வரிசையாகப் பஞ்சு வைத்த கோட்டுகள். கட்டுப்பாட்டு அறை என்பது குளிர் அறைகளின் வாசலை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கூண்டுதான். அதற்குள் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர்.

அக்கா யாரையும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். கறுப்புத் திரை. ஓரமாக மெல்லிய நான்கு கோடுகள். எட்டுக் கட்டங்கள்.

"அவன்தான்! இது அவன் கைதான்!" அக்காவின் குரல் கண்ணாடியில் மோதித் திரும்பியது. "எந்த ஷிஃப்ட்? இப்ப வருவானா? நான் வந்திருக்கேன்னு சொல்லாதீங்க, ஓடிடுவான்."

கூண்டின் வாசலில் காதுவரை மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கிடங்கின் சூப்பர்வைசர். திட்ட வந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு அக்காவை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அவரோட அக்காவா?"

"ஆமா."

"உங்களைத்தாம்மா ஆறு மாசமா தேடிக்கிட்டு இருக்கோம்."

ஜெராக்ஸ் இந்தத் தொழிலில் எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறான். தேடிப் போன இடத்தில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை. மேடம் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். நுரையீரல் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காவது நாள் போய்விட்டான். யாரும் வராததால் கிடங்கு ஆட்களே சேர்ந்து அடக்கம் செய்தார்கள்.

"பொய்," என்றார் அக்கா. கோபமே இல்லாமல், ரத்த மாதிரிக் குப்பியில் தவறான சீட்டு ஒட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி சொன்னார். "ஆறு மாசம் முன்னாடி எப்படி? போன முதல் தேதி புதுசு போட்டிருக்கான். நான் பாத்தேன்."

"முதல் தேதியா?" சூப்பர்வைசர் திரையைக் காட்டினார். "அதும்மா... இந்த மெஷின் முதல் தேதி ஆனா தானா சட்டை மாத்திக்குது. அவர் போன மறு மாசம் திடீர்னு நீலமா மாறிச்சு. பசங்க பயந்து வெளிய ஓடிட்டாங்க. அப்புறம் பழகிப்போச்சு. முன்கூட்டியே செஞ்சு வெச்சுட்டார் போலிருக்கு. மணி அடிச்ச மாதிரி மாறிக்குது."

அக்கா அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. ஆறு மாதமாக அந்த அம்மாள் செத்தவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது ஜெராக்ஸுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"வேலைக்குச் சேரும்போது வீட்டு அட்ரஸ் வாங்கலையா?" மேடம் கேட்டார்.

"கேட்டேம்மா. 'எல்லாம் மெஷின்ல போட்டிருக்கேன் சார், அவசரம்னா அதுல இருக்கு'ன்னார். நல்ல வேலைக்காரர், நானும் விட்டுட்டேன். அவர் விழுந்தப்புறம் இதைத் திறக்கப் பாத்தா கதவே இல்லை. இடது பட்டன், வலது பட்டன், எதை அமுக்கினாலும் அசையமாட்டேங்குது. கம்ப்யூட்டர் ஆள் ஒருத்தனைக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்னான். அழிச்சா உங்க அட்ரஸும் சேர்ந்து போயிடுமேன்னு வேணாம்னுட்டேன்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்க நியாயமில்லை.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" மேடம் விடவில்லை.

"பேச எங்க? மூக்கு வாய் எல்லாம் குழாய். உங்க ஆளுங்க நம்பர் என்னன்னு காதுல கத்திக் கேட்டேன். இப்படி" என்று சூப்பர்வைசர் வலது கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். உள்ளங்கை லேசாகத் தூக்கியிருக்க, நடுவிரல் மட்டும் இரண்டு தரம் மேஜையைத் தட்டியது. "இதையே செஞ்சுக்கிட்டு இருந்தார். ஜுர வேகம், கை நடுங்குதுன்னு நினைச்சேன்."

மேடமும் ஜெராக்ஸும் ஒரே சமயத்தில் மவுசைப் பார்த்தார்கள். இடது பட்டன், வலது பட்டன். இரண்டுக்கும் நடுவில், நடுவிரல் படுகிற இடத்தில், உருட்டுகிற சின்னச் சக்கரம்.

"உருட்டறதுதானே அது," என்றான் ஜெராக்ஸ். "அதை அமுக்கவும் முடியுமா?"

மேடம் கையை நீட்டுவதற்குள் அக்கா மவுசைப் பிடித்துவிட்டார். திரையின் வெறும் கறுப்பில் வைத்து, நடுவிரலால் இரண்டு தரம் அமுக்கினார்.

ஒரு மெனு விரிந்தது. முதல் வரியில் 'அவசரத்துக்கு: அக்கா' என்று இருந்தது. பக்கத்தில் அவருடைய போன் நம்பர்.

வெளியே லாரி ஹார்ன் அடித்தது. சூப்பர்வைசர், "இதோ வந்துட்டேன்மா," என்று சொல்லி ஏறக்குறைய ஓடினார். அவர் தோள் குலுங்கியதை ஜெராக்ஸ் பார்த்துவிட்டான். நம்பர் கண்ணெதிரேயே இருந்திருக்கிறது. ஒரு விரல் தூரம். அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார், நாலு நாளில் ஒரு நாளாவது தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாரைக் குறை சொல்வது? ஜெராக்ஸ் யோசித்து யோசித்துப் பார்த்தான். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட அகப்படவில்லை.

மேடம் மெனுவில் ஒவ்வொரு வரியாக இறங்கினார். தானாகப் படம் எடுத்து இண்டர்நெட்டில் போட்டாயிற்று என்று எட்டு. அதற்குக் கீழே, வரிசையில் இன்னும் ஒன்று. சனிக்கிழமை, முதல் தேதி.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் மெதுவாக. "கடைசி."

"பென் டிரைவ்ல எடுத்துக்கலாம்க்கா. ஒரு நிமிஷ வேலை," என்றான் ஜெராக்ஸ். ஏதாவது செய்தால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார். "வேணாம். எடுத்தா அது நாம எடுத்தது. அவன் அனுப்பினதா ஆகாது."

சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. கேக்கறதுக்கு இது நேரமில்லை. இதுல நிறுத்தற பட்டன் எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா? ஆறு மாசமா அணைக்க வழி தெரியாமத்தான் ஓடிக்கிட்டு இருக்கு."

மெனுவின் கடைசி வரி 'நிறுத்து' என்பதுதான். அக்கா அதைத் தொடாமல், வெறும் கறுப்பில் வைத்து நடுவிரலால் ஒரு தரம் அமுக்கினார். மெனு சுருண்டு மறைந்தது. பழையபடி வெறும் கறுப்பு.

"தெரியலைங்க," என்றார்.

சூப்பர்வைசர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார். "எங்களுக்கும் பிடிபடலைங்க."

"பரவாயில்லம்மா. வியாழக்கிழமை புது மெஷின் வருது, முதலாளி ஏற்பாடு. இதோட ஒயரைப் பிடுங்கிடுவாங்க. அத்தோட சரி."

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஒரு கையால் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க முடியாதா?"

"என் கையில இல்லையேம்மா." அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. உதவ முடியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்டார். "ஏம்மா, சனிக்கிழமை என்ன?"

அக்கா திரையைப் பார்த்தார். எட்டுக் கட்டங்களில் ஏழில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. மூலையில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சும்மாதான்," என்றார் அக்கா.